‘லி’ எல்லாம் ‘கு’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ரஷ்யாவின் உத்முர்த்தியா பகுதியில் பேசப்படும் உத்முர்த்து மொழியைத் தமிழோடு ஒப்பிட்ட கட்டுரையைப் படித்தேன். என் மகள் அதன் தலைநகரான இஷெவ்ஸ்கில் மருத்துவம் படிக்கிறாள். அதனால் எங்கள் வீட்டில் அந்தக் கட்டுரைக்குத் தனி மவுசு. ஆனால், ‘நாம் கு போடும் இடத்திலெல்லாம் அவர்கள் லி போடுகிறார்கள்’ என்ற வரி இடிக்கிறது.

கொடுப்பதற்குச் சரி. ‘மொன் அனாய்லி க்னீகா ஸ்யோதி’ என்றால் ‘நான் அம்மாவுக்குப் புத்தகம் கொடுத்தேன்’. சொல்வரிசைகூட நம்முடையதுதான். இன்ன புத்தகம் என்று தெரிந்தால் ‘க்னீகாயெஸ்’ ஆகிவிடும், நாம் ‘புத்தகத்தை’ என்பதுபோல. விடுதியில் வேலை பார்க்கும் கிராமத்துப் பாட்டி மகளிடம் முதலில் கேட்டதே ‘தினித் கோஞா அரெஸ்?’ என்றுதான். உனக்கு எத்தனை வயசு? ‘தினித்’ என்றால் ‘உனக்கு’; ‘லி’ வெளியே தெரியாவிட்டாலும் அதே வேற்றுமைதான். அச்சு அசல் நம்ம ஊர்க் கேள்வி!

ஆனால் ‘ஊருக்குப் போனேன்’ என்பதற்கு அங்கே ‘லி’ வராது. ‘குர்தெ மினி’ என்பார்கள். போய்ச் சேரும் இடத்துக்கு வேறு உருபு. பெறும் ஆளுக்குத்தான் ‘லி’. அப்புறம், ‘அவரிடம் சொன்னேன்’, ‘அவரிடம் கேட்டேன்’ இரண்டுக்கும் நமக்கு ‘இடம்’ போதும். அவர்களுக்குச் சொன்னால் ‘சொலி’, கேட்டால் ‘சொலேஸ்’. அதாவது பதில் அவரிலிருந்து வரவேண்டும். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள் மாதிரி. மகள் ஒருமுறை கேட்பதற்கும் ‘சொலி’ போட்டிருக்கிறாள். பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்தினாராம்.

கட்டுரையாளர் இந்த ஒற்றுமைகளை வைத்து உறவு கொண்டாடுவதும் அவசரம். ‘அனாய்’ நம் அன்னை போல ஒலிக்கிறது, உண்மை. துருக்கியிலும் தாய்க்கு ‘அன்னே’ என்பார்கள். அப்படியென்றால் எல்லோரும் சொந்தமா? உனக்கு எத்தனை வயது என்று ரஷ்ய மொழியும் நான்காம் வேற்றுமையில்தான் கேட்கிறது. எங்கள் பக்கத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-லேயே திராவிட மொழிகளை, துருக்கி, மங்கோலியம் முதலியவற்றைச் சேர்த்து அவர் ‘சித்திய’ மொழிகள் என்றழைத்த கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். பின்லாந்து மொழியும் அவர் கணக்கில் உண்டு. உத்முர்த்து அதன் தூரத்துச் சொந்தம். ஆனால் திராவிட மொழிகளுக்கு இவற்றோடு உள்ளதாகச் சொன்ன அந்த உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை.

அடுத்த முறை ‘சொலேஸ்’ என்பதில் வரும் அந்த ‘லேஸ்’ உருபு பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திசையன்விளை