உடல்வாகு வேறு, இன்றைய உபாதை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'உங்கள் உடல் வாதமா, பித்தமா, கபமா?' என்ற பத்துக் கேள்விகள் நான்கு மாதங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்தன. சென்ற ஞாயிறும் அதே கேள்விகள். மார்த்தாண்டத்தில் 26 வருடமாக ஆயுர்வேத மருந்துக்கடை நடத்துகிறேன். அந்தக் கேள்விகளில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதைச் சொல்லுமுன், வாதம், பித்தம், கபம் என்பவை பஞ்சபூதங்களால் எப்படி அமைகின்றன என்று சொல்லிவிடுகிறேன்.

பஞ்சபூதம் என்றால் வயல் மண்ணும் குளத்துத் தண்ணீரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அப்பா ஆப்பத்தை வைத்துத்தான் சொல்லித் தந்தார். மாவின் கனம் மண். அதைச் சேர்த்துப் பிடிப்பது நீர். சட்டியின் சூடு தீ. புளித்துப் பொங்க வைப்பது காற்று. வெந்த ஆப்பத்தில் கண் கண்ணாக இருக்கிறதே, அந்த வெற்றிடம் ஆகாயம். உடம்பில் ஆகாயமும் காற்றும் சேர்ந்தது வாதம். அசைவெல்லாம் அதன் வேலை. தீயோடு கொஞ்சம் நீரும் சேர்ந்த பித்தம் செரிமானத்தைப் பார்த்துக்கொள்கிறது. நீரும் மண்ணுமான கபம் உடம்பைக் கட்டி நிறுத்துகிறது. மூன்றும் எல்லோருக்கும் உண்டு. ஒன்று தூக்கலாக இருப்பது, இரண்டு தூக்கலாக இருப்பது, மூன்றும் சமமாக இருப்பது என்று மொத்தம் ஏழு வகை.

இந்த உடல்வாகு கருவிலேயே அமைந்துவிடும். அதுதான் பிரகிருதி. சாப்பாட்டாலும் பருவத்தாலும் நோயாலும் பின்னால் வரும் மாறுபாடு விகிருதி. உங்கள் கேள்விகள் எல்லாம் 'இப்போது தூக்கம் எப்படி, எடை எப்படி' என்றே கேட்கின்றன. கேட்பது விகிருதியை, சொல்லும் விடையோ பிரகிருதி. வயதையும் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைப் பருவம் கபத்தின் காலம், நடுவயது பித்தத்தின் காலம், முதுமை வாதத்தின் காலம் என்பது ஆயுர்வேதக் கணக்கு. 70 வயதுக்காரர் யார் எழுதினாலும் வாதம் என்றே விடை வரும். பருவமும் அப்படித்தான். மழைக்காலத்தில் வாதம் கூடும் என்பதால்தான் எங்கள் பக்கம் கர்க்கடகத்தில், அதாவது ஆடி மாதத்தில், எண்ணெய்ச் சிகிச்சைக்கு அவ்வளவு கூட்டம்.

என் தங்கைக்கு 46 வயது. தூக்கம் இல்லை, எடை குறைகிறது, படபடப்பு. உங்கள் இணைப்பைப் பார்த்து 'நான் வாத உடம்பு' என்று முடிவுகட்டி, இரண்டு மாதம் நெய்யும் எண்ணெய்க் குளியலுமாக இருந்தாள். எடை இன்னும் 4 கிலோ இறங்கியது. எனக்கே அப்புறம்தான் சொன்னாள். வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் கேட்டது, "பத்து வயசுல எப்படி இருந்தீங்கம்மா?" குண்டுக் கன்னம், படுத்தால் விடியும்வரை அசையாத தூக்கம், எதிலும் நிதானம். அச்சு அசலாகக் கபம். நாடி பார்க்க நீட்டிய கையில் விரல்கள் மெல்ல நடுங்கின. வீட்டில் காபி டம்ளரை வைக்கும்போது டவரா கடகடவென்று அடிப்பதை நான் கேட்டிருக்கிறேன், ஆனால் யோசிக்கவில்லை. "இது உடல்வாகு இல்லை, முதலில் தைராய்டு பாருங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள்.

அந்தக் கேள்விகளை நிறுத்தச் சொல்லவில்லை. ஆயுர்வேதத்தை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை. சரி, அடுத்த முறை வெளியிடும்போது மேலே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: 'சிறு வயது முதல் நீங்கள் எப்படி இருந்தீர்களோ அதை நினைத்துப் பதில் சொல்லுங்கள். சமீபத்தில் வந்த மாற்றம் என்றால் மருத்துவரைப் பாருங்கள்.'

ஆயுர்வேத மருந்துக்கடைக்காரர்,
மார்த்தாண்டம்.
(தங்கையின் உடல்நிலை பற்றியது என்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)