மரை சேராத வண்டி

பொள்ளாச்சி,
தீபாவளி கழிந்து நாலாம் நாள்

அன்புள்ள சீனு,

முதலில் திட்டி முடித்துவிடு. உன் முட்டி ஆபரேஷனுக்கு வரவில்லை. போனில் ரெண்டு நிமிஷம் பேசியதோடு சரி, அதிலும் பாதி நேரம் லேத் சத்தம். தங்கச்சி கமலா என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று கோபால் சொன்னான். நியாயம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம், மழை பரவாயில்லை, தேங்காய் விலை உனக்கே தெரியும். குசலம் முடிந்தது.

போனில் சொல்ல முடியாத ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆனைமலை மாமாவின் பிளசர் கார் நினைவிருக்கிறதா? பாலிடெக்னிக் இரண்டாம் வருஷ லீவில் உலர்களத்தில் நீயும் நானும் தள்ளினோமே, நீ சாணத்தில் வழுக்கி விழுந்தாயே, அதேதான். அப்போதே அது ஓடவில்லை. ஆடியில் மாமா போனபிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு, "நீதான்டா அதைச் சுத்திச் சுத்தி வருவே, எடுத்துட்டுப் போ. இல்லேன்னா இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றாள். கொப்பரைக் கிட்டங்கியில் மட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தோம். நாலு டயரும் தோசைக்கல்லாகத் தரையோடு ஒட்டியிருந்தன. ஒயரிங் முழுக்க எலி தின்றது போக மிச்சம். கதவுத் தூணிலிருந்து கை நீட்டுகிற மாதிரி வெளியே வருமே, அந்தக் கால இண்டிகேட்டர், அதன் பொந்துக்குள் பல்லி முட்டை ஓடு பதினாலு எண்ணினேன்.

சரி, என்ன வண்டி இது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. பேர்ப்பலகை இல்லை, சேஸிஸ் நம்பர் தகடு இல்லை, ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் மண்ணாக்கிவிட்டது. மாமா உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐம்பது வருஷம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், கேட்கவில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஆஸ்டின் என்றார்கள். அவர்களுக்கு 1960க்கு முந்தைய வண்டியெல்லாம் ஆஸ்டின்தான். நம் டவுன் மெக்கானிக் ஒருவர் பெரிய கை. வந்தார், பானெட்டைத் தூக்கினார், வெற்றிலையைத் துப்பினார், "பேபி இந்துஸ்தான் இன்ஜின்" என்றார். மேலே ராக்கர் கவர் இருக்கிறதே, வால்வு தலையில் இருக்கிற இன்ஜினுக்குத்தானே அது வரும், பேபி இந்துஸ்தான் வால்வு பக்கவாட்டில் இருக்கிற சைடு வால்வு ஆச்சே என்று கேட்டேன். "யாரோ ஹெட்டை மாத்திப் போட்டிருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் பையன் போனில் படம் எடுத்துத் தேடி, மாரிஸ் எட்டு, ஈ சீரிஸ் என்றான். பாடி அப்படியே பொருந்தியது. ஆனால் அந்த மாரிஸும் சைடு வால்வுதான்.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்து விட்டு, தினமும் காலையில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைத் தொட்டுப் பார்ப்பேன். பதினோராம் நாள் ஒரு நூல் நகர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பேரன் முதல் அடி வைத்தபோது கூட நான் அவ்வளவு கத்தவில்லை. தங்கமணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

ஹெட்டைக் கழற்றி அளந்தேன். பாலிடெக்னிக் டர்னர் வாத்தியார் சொன்ன மாதிரியே, மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும். போர், அதாவது சிலிண்டர் ஓட்டையின் விட்டம், 58 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 90. நாலு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 951 சி.சி. வருகிறது. உலகத்தில் அப்படி ஒரு இன்ஜின் இந்த அளவு வண்டிக்கு எனக்குத் தட்டுப்படவில்லை. மூன்று நாள் தூக்கம் இல்லை. நாலாம் நாள் பிஸ்டன் தலையில் இருந்த கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அடியில் "040" என்று பொறித்திருந்தது. நாற்பது தௌ ஓவர்சைஸ், அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிது! எந்தக் காலத்திலோ சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கழித்தால் 57க்கு 90, அதாவது 918 சி.சி. மாரிஸ் குடும்பம்தான். வாத்தியார் இருந்திருந்தால், "அளக்கறதுக்கு முன்னாடி தொடைடா" என்று மண்டையில் குட்டியிருப்பார்.

இவ்வளவு ஒல்லியான போர், இவ்வளவு நீளமான ஸ்ட்ரோக் எதற்கு என்று உனக்குத் தோன்றும். எல்லாம் வரிதான். அந்தக் கால இங்கிலாந்தில் காருக்கு வரி போட ஒரு குதிரைத்திறன் கணக்கு வைத்திருந்தார்கள். போரை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தை சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுப்பது. ஸ்ட்ரோக் கணக்கிலேயே கிடையாது. இதற்குப் போட்டால் எட்டு வருகிறது. அந்த எட்டுதான் வண்டியின் பெயரில் உள்ள எட்டு. போரைக் குறுக்கி ஸ்ட்ரோக்கை நீட்டி வரியை மிச்சம் பிடித்திருக்கிறான் வெள்ளைக்காரன். நம் ஆளுங்க பரவாயில்லை போல.

அடுத்த கூத்து மரை. ஹெட் நட்டுக்கு விட்வொர்த் ஸ்பேனர், அந்தக் கால இங்கிலீஷ் அளவு, கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியானால் மரையும் இங்கிலீஷ் மரைதானே? என் அக்கா மகன் கடையிலிருந்து பி.எஸ்.எஃப். என்கிற இங்கிலீஷ் நுண்மரை நட்டு வாங்கி வந்து ஒரு ஸ்டட்டில் ஏற்றினான். இரண்டு சுற்று போனது, இறுகியது, அவன் இளரத்தம், பைப்பைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினான். மரை மாவாகக் கொட்டியது. அப்புறம் மரை இடைவெளி அளக்கிற பிட்ச் கேஜை வைத்துப் பார்க்கிறேன், மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிய மெட்ரிக் மரை! தலை விட்வொர்த், உடம்பு மெட்ரிக். முதல் உலகப்போரில் ஹாட்ச்கிஸ் என்கிற பிரெஞ்சுத் துப்பாக்கிக் கம்பெனி இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்து பட்டறை போட்டது. யுத்தம் முடிந்ததும் அங்கே மாரிஸுக்கு இன்ஜின் செய்து கொடுத்தார்கள். 1923ல் மாரிஸே அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். மெஷின் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக், நாட்டில் உள்ள ஸ்பேனர் எல்லாம் விட்வொர்த். மெஷினை மாற்றச் செலவு, ஸ்பேனரை மாற்றச் சொன்னால் சண்டை. அதனால் இந்தக் கலப்புக் கல்யாணம். என்னை மரை கழன்றவன் என்று நாற்பது வருஷமாகச் சொல்கிறாய். இப்போது எனக்கேற்ற வண்டியாகக் கிடைத்திருக்கிறது, சிரித்துக்கொள்.

டைனமோவைத் துடைத்தபோது லூகாஸ் கம்பெனியின் மாதமும் வருஷமும் கிடைத்தது: 11, 47. அதோடு பேபி இந்துஸ்தான் கதை முடிந்தது. அதன் தாய், அதாவது அதற்கு மூல வண்டியான மாரிஸ் மைனர், வெளியே வந்ததே 1948 அக்டோபரில். மெக்கானிக்கிடம் சொன்னேன், "டைனமோ வேற வண்டியோடதா இருக்கும்" என்றார். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். 1947, மாரிஸ் எட்டின் பாடி, 918 சி.சி., ஆனால் ஓவர்ஹெட் வால்வு. இந்த நாலும் சேர்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான். வூல்ஸ்லி எட்டு.

1946லிருந்து 48 வரைதான் விற்றார்கள். மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம். மாரிஸ் கம்பெனி முதலாளி மாரிஸ், பின்னாளில் நஃபீல்டு பிரபு, அத்தனை பணத்தை வைத்துக்கொண்டு, தனக்கென்று வருஷக்கணக்கில் ஓட்டியது இந்தச் சின்ன வண்டியைத்தான். இந்த வூல்ஸ்லி முதலில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற மெஷின் செய்த கம்பெனி. 1927ல் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது மாரிஸ் 7,30,000 பவுனுக்கு எடுத்தார். எதிர்த்துக் கேட்டவர்களில் ஒருவர் ஆஸ்டின் கம்பெனியின் ஆஸ்டின். அவரே ஒரு காலத்தில் வூல்ஸ்லியில் வேலை பார்த்தவர். நம் கோபாலும் அவன் பழைய முதலாளியும் ஒரே டெண்டருக்குப் போன கதை மாதிரியே இல்லை?

இனிமேல்தான் விஷயம்.

வூல்ஸ்லிக்கு ஒரு அடையாளம் உண்டு. 1930களின் தொடக்கத்திலிருந்தே முன் கிரில்லின் உச்சியில் முட்டை வடிவத்தில் ஒரு பேட்ஜ், அதற்குப் பின்னால் ஒரு குட்டி பல்ப். சைடு லைட்டைப் போட்டால் கம்பெனி பெயர் இருட்டில் ஒளிரும். வேறு எந்த வண்டியையும் அப்படித் தூரத்திலிருந்தே சொல்லிவிட முடியாது. இதைப் படித்த ராத்திரி எனக்கு வயிறு கலங்கியது. ஏன் தெரியுமா? கிட்டங்கியை ஒழித்தபோது, ஒரு கிரில் கூடு தனியாகக் கிடந்தது. நசுங்கி, முலாம் உரிந்து, உச்சியில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் ஒரு பல்ப் ஹோல்டர். மாமா பக்திமான் ஆச்சே, பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கு எரிய ஏதோ ஒட்டுப்போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வண்டியின் மூக்கில் வேறு ஒரு தகரத் தட்டி அடித்திருந்ததால், இது வேறு எதனுடையதோ என்று, மற்ற துருவோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். நானே தூக்கித் தராசில் வைத்தேன், சீனு. அந்த இரும்புக்காரனைத் தேடிப் போனேன். சரக்கு மறுநாளே லாரி ஏறிவிட்டதாம், உக்கடமோ மெட்ராஸோ என்றான்.

இதோடு போயிருந்தால் உனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் அத்தையைப் பார்க்கப் போனேன். வண்டி என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன், வூல்ஸ்லி என்றேன். அந்தப் பெயர் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "மூக்குல ஒரு வெளிச்சம் இருக்குமே, அது எரியுதா?" என்றாள். அந்தக் காலத்தில் தோப்பில் கரண்ட் கிடையாது. மாமா ராத்திரி எத்தனை மணிக்கு வருவார் என்று தெரியாது. வாய்க்கால் பாலத்தில் திரும்பியதும் பெரிய லைட்டை அணைத்துவிடுவாராம், மாடு மிரளும் என்று. அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் தோப்புக்குள் மிதந்து வரும். அதைப் பார்த்ததும் எழுந்து ரசத்தைச் சூடு பண்ணுவாளாம். ஒருநாள் கிரில் தென்னை மரத்தில் மோதி நசுங்கியது, கழற்றிப் பத்திரமாக வை, பார்ட்ஸ் கிடைத்தால் சரிபண்ணிக்கலாம் என்று மாமா சொன்னாராம்.

அத்தைக்கு எண்பத்தாறு. நான் "எரிய வைக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கிரில்லை எடைக்குப் போட்டதைச் சொல்லவில்லை. தங்கமணியிடம் கூட இன்னும் சொல்லவில்லை.

பையன் வேறு நடுவில் ஒரு யோசனை. மாருதி இன்ஜின் ஒன்றை இறக்கி, ஏ.சி. போட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமாம். அவனைத் திட்ட நான் தேவையில்லை, சட்டமே இருக்கிறது. 2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கவேண்டும், மூல வடிவத்தில் பெரிய மாற்றம் கூடாது, நம்பரில் வி.ஏ. என்று வரும். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்குப் பதிவு. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு ஓட்டலாம், வாடகைக்கெல்லாம் விட முடியாது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் மூக்கில்லாத வண்டியை நிறுத்தி இது வூல்ஸ்லி என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? தகர டிங்கரிங்கில் ஒன்று வளைத்துவிடலாம் என்று இங்கே ஒருவன் சொல்கிறான். கை வேலைக்காரன்தான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. முதலில் தேடுவோம்.

அதனால் உனக்கு ஒரு வேலை. முட்டி சரியானதும், அதற்கு முன்னால் இல்லை, புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் வா. பழைய இங்கிலீஷ் சாமான் வைத்திருக்கிற ரெண்டு மூன்று பெரியவர்கள் அங்கே இன்னும் இருப்பார்கள். வூல்ஸ்லி என்று கேட்காதே, பெயரைச் சொன்னால் விலை ஏறும். மேலே முட்டை ஓட்டை உள்ள கிரில் என்று மட்டும் கேள். கிடைத்தால் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய். பேரம் நீ பேசாதே. ரிச்சி தெருவில் ரேடியோவுக்கு நீ பேசிய பேரத்தில் சொன்ன விலையைவிட எழுபது ரூபாய் அதிகம் கொடுத்து வந்தோம்.

இத்துடன் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பானெட்டின் முன் விளிம்பு கிரில் கூட்டின்மேல்தான் உட்காரும், ஆகவே அந்த வளைவை அப்படியே அட்டையில் வெட்டியிருக்கிறேன். எந்தக் கூட்டின்மேல் இது இடைவெளி இல்லாமல் உட்காருகிறதோ அதுதான் நம்முடையது. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் விட்டுவிடு. அட்டையை மடிக்காதே. தங்கச்சி சாம்பார்ப் பாத்திரம் இறக்கி வைக்க எடுத்துவிடாமல் பீரோவுக்கு மேலே வை.

உன்
நடராஜ்

பி.கு.: கோபாலிடம் கிரில் விஷயத்தை மூச்சு விடாதே. அவன் அத்தை வீட்டுப் பக்கம் தேங்காய் எடுக்கப் போகிறவன்.