வாலிபால் விழாக்குழுக்களுக்கு ஒரு மடல்: பையன்களின் தோளையும் கணக்கில் எடுங்கள்

களியக்காவிளை, கொல்லங்கோடு, அருமனை, அப்புறம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் இரவு வாலிபால் நடத்தும் விழாக்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓணம் லீவில் தொடங்கி கிறிஸ்துமஸ் தாண்டியும் உங்கள் மைதானங்களில் லைட் எரிகிறது. நீங்கள் வசூல் செய்து, பந்தல் போட்டு, கோப்பை வாங்கி வைக்காவிட்டால் நம் பக்கத்தில் இந்த ஆட்டம் எப்போதோ செத்திருக்கும். கேரளத்து வாலிபால் நட்சத்திரம் ஜிம்மி ஜார்ஜ் 1987-இல் போய்விட்டார். இன்றைக்கும் எம்பி அடிக்கத் தெரிந்த பையனுக்கு இங்கே தனி மவுசு இருக்கிறதென்றால், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் தோள் கெடுவதிலும் நீங்கள் போடும் அட்டவணைக்குப் பங்கு இருக்கிறது.

ஒரு பையனுக்கு இரவு ஒன்பது மணிக்கு இங்கே முதல் ஆட்டம். முடிந்ததும் பைக்கில் பறந்து பாறசாலைப் பக்கம் இன்னொரு டீமுக்கு கெஸ்ட் பிளேயர். திரும்பி வந்தால் விடியற்காலை மூன்று மணிக்கு செமி ஃபைனல். மைக்கில் கடைசி அழைப்பு கேட்டதும் ஜீன்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக நெட்டுக்கு வந்து, முதல் பந்தையே முழு பலத்தில் அடிக்கிறான். உடம்பு சூடேறவே இல்லை.

தோள்தான் உடம்பில் மிக அதிகம் சுழலும் மூட்டு. அதன் குழி ஆழமில்லாதது. சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போலத்தான் கை எலும்பின் தலை அதில் நிற்கிறது. அதை நழுவாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். அடிப்பதற்கு நெஞ்சுப் பக்கத் தசை உதவும். அடித்த கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கம். நம் பையன்கள் தண்டால் எடுத்து நெஞ்சை ஏற்றுகிறார்கள், பின்பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. அது களைத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் வலி வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் உங்கள் ஊர் அடிக்காரனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். சிலருக்கு அடிக்கிற கைப்பக்கம், தோள்பட்டை எலும்பின் மேல் சதை வற்றிக் குழி விழுந்திருக்கும். அங்கே ஓடும் ஒரு நரம்பு திரும்பத் திரும்ப இழுபட்டோ நசுங்கியோ போவதால் தசை சூம்புகிறது. வாலிபால் ஆடுகிறவர்களிடம் மருத்துவர்கள் பல நாடுகளில் பார்த்த விஷயம் இது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால் அவனுக்கே தெரியாது, "நல்லாத்தானே அடிக்கேன்" என்பான்.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. நார்வேயில், நம்மைப் போலவே தோளுக்கு மேல் கையை வீசி ஆடும் 660 ஹேண்ட்பால் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. வாரம் மூன்று முறை, வார்ம் அப்போடு பத்து நிமிடம் தோள் பயிற்சி செய்த டீம்களில் தோள் பிரச்சினைக்கான வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. நமக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். நெட் கம்பத்தில் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, துண்டு விழாமல் கையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். திரும்பி வரும்போதுதான் விஷயமே இருக்கிறது: மூன்று எண்ணி மெதுவாக விட வேண்டும், படக்கென்று விடக்கூடாது.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான பேச்சு. வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, எங்கள் வீட்டிலும் சுளுக்கு என்றால் எண்ணெய்தான். ஆனால் குழி விட்டு இறங்கிய தோளை கோர்ட்டிலேயே நாலு பேர் பிடித்து இழுப்பதை நிறுத்துங்கள். எலும்பில் விரிசல் இருந்தால் உடையும். நரம்பும் ரத்தக்குழாயும் சேதமாகும். தோளின் வெளிப்புறத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மருத்துவர் போட வேண்டிய தோள் அது. ஒரு துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உங்கள் கடமை முடிந்தது. இருபது வயதுக்குள் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்குவது மிகச் சாதாரணம்.

வலி போய்விட்டது என்பதற்காகத் தோள் தேறிவிட்டது என்று எண்ணக்கூடாது. கை முழுதாகத் தூக்கிச் சுழல வேண்டும், பலம் மற்றக் கைக்குச் சமமாக வர வேண்டும். பிறகு தரையில் நின்றபடி எண்ணி மெதுவாக அடிக்கலாம். மறுநாள் வலி இல்லையென்றால் கூட்டலாம். எம்பி அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. இறங்கிய தோளுக்கு இதெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். ஸ்பிரே அடித்துப் பையனை இறக்கிவிடும் டீம் மேனேஜர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிரிக்கெட்டில் சின்ன வயது வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அடிக்கு ஒரு கணக்கும் கிடையாது. ஒரு இரவில் ஒருவன் ஒரு டீமுக்குத்தான் ஆடலாம் என்று விதி வையுங்கள். பக்கத்து விழாக்குழுக்களோடு வாட்ஸ்அப்பில் பெயர்ப் பட்டியலைப் பகிர்ந்தாலே போதும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கடைசி அழைப்புக்குப் பின் பத்து நிமிடம் வார்ம் அப்புக்கு ஒதுக்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள டீம்களை நள்ளிரவுக்கு முன்பே ஆடவைத்து அனுப்பிவிடுங்கள். கூட்டம் குறையும்தான், பரவாயில்லை.

டியூப் கட்டிக் காட்ட எந்தச் சாயங்காலம் கூப்பிட்டாலும் வருகிறேன். ஆனால் அட்டவணை போடும் கூட்டத்துக்கு முன்னால் கூப்பிடுங்கள், நோட்டீஸ் அச்சாகிப் போன பிறகு வேண்டாம்.