ஓப்பியாக நடித்த சிறுவன்

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். உன் பேரனைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்கக் கேட்டிருப்பதாகவும், சிறு வயதிலேயே கேமராவுக்குப் பழகிய பிள்ளைகள் பின்னாளில் தடம் மாறிப் போவார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தாய். உன் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அமெரிக்க இயக்குநர் ரான் ஹோவர்டைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

1954இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்த அவர், 1960இல் தொடங்கிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' என்னும் நகைச்சுவைத் தொடரில், சிற்றூர் ஷெரீஃப் ஒருவரின் மகனான ஓப்பியாக எட்டு ஆண்டுகள் நடித்தார். பெரியவர்களை மட்டம் தட்டிப் பேசிச் சிரிப்பு மூட்டும் துடுக்குப் பையனாக ஓப்பி இருக்க வேண்டாம், தன் தந்தையை உண்மையாகவே மதிப்பவனாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவர் ரானின் தந்தை ரான்ஸ். அவரும் ஒரு நடிகர்தான். தொடரின் நாயகனாக, அந்த ஷெரீஃபாக நடித்த ஆண்டி கிரிஃபித் அதை ஏற்றுக்கொண்டார். உன் பேரன் விஷயத்தில் சம்பளத்தைவிட, படப்பிடிப்புத் தளத்தில் அவன் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதையே நீ முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன்.

ரான் பேட்டிகளில் விரும்பிச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏழு வயதில், ஒத்திகையின்போது, தன் வசனம் ஒரு சிறுவன் பேசுவது போல இல்லை என்று சொல்லி அவர் ஒரு மாற்றம் கூற, அது ஏற்கப்பட்டது. பூரித்து நின்றவனிடம் காரணம் கேட்டார் கிரிஃபித். "என் யோசனையை நீங்கள் ஏற்றது இதுதான் முதல் தடவை" என்றான் பையன். உருப்படியான யோசனையை நீ சொன்னதும் இதுதான் முதல் தடவை என்று பதில் வந்ததாம். குழந்தை என்பதற்காகக் கொஞ்சாமல், உடன் வேலை செய்பவனாக அவனை நடத்திய அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1974இல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் அவரை மீண்டும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்தப் புகழே போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. குறைந்த செலவில் படம் எடுப்பதில் பெயர் பெற்ற ரோஜர் கோர்மனிடம், உங்கள் படத்தில் நடிக்கிறேன், பதிலுக்கு ஒரு படம் இயக்கத் தாருங்கள் என்று பேசி, தந்தையுடன் சேர்ந்து எழுதிய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வை 1977இல் இயக்கி வெளியிட்டபோது அவருக்கு வயது 23. 1984இல் வந்த 'ஸ்பிளாஷ்' வெற்றி பெற்ற பிறகு, அவரை யாரும் பழைய ஓப்பியாக மட்டும் பார்க்கவில்லை.

அவருடைய படங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது, நிலவுக்குப் போகும் வழியில் பழுதான விண்கலத்தின் உண்மைக் கதையைச் சொல்லும், 1995இல் வந்த 'அப்பல்லோ 13'. எடையற்ற நிலையைக் கயிறு கட்டிக் காட்டாமல், நாசாவின் கேசி-135 விமானத்துக்குள்ளேயே செட் அமைத்து, விமானம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் இருபது சொச்சம் விநாடிகளுக்குள் துண்டு துண்டாகப் படமாக்கினார்கள். இயக்குநர்கள் சங்கம் அவருக்கு விருது தந்தது. ஆஸ்கரில் இயக்குநர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்படவே இல்லை. அந்த விருது 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்காக 2002இல்தான் அவர் கைக்கு வந்தது.

அவருக்கென்று தனி முத்திரை இல்லை என்று விமர்சகர்கள் சிலர் குறை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. கூட்டாக வேலை செய்யும் மனிதர்களை இவ்வளவு அக்கறையுடன் காட்ட, படப்பிடிப்புத் தளத்திலேயே வளர்ந்த ஒருவரால்தான் முடியும் என்று நினைக்கிறேன். 'அப்பல்லோ 13' கிடைத்தால் மறுபடியும் பார். விண்வெளி வீரர் ஜிம் லவலின் வயதான தாயாக வந்து, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பறக்க விட்டாலும் என் மகன் அதைத் தரையிறக்கிவிடுவான் என்று பேத்திக்குத் தைரியம் சொல்பவர், ரானின் சொந்தத் தாய் ஜீன்.

அன்புடன்,
சிவராமன்