சபாபதி பார்த்தோம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை விட்டபாடில்லை, லிஃப்ட் திரும்பவும் பழுது, மற்றப்படி வெள்ளவத்தை வெள்ளவத்தையாகத்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

நீ வாங்கித் தந்த டெப்லெட்டில் ஞாயிறு பின்னேரம் 'சபாபதி' பார்த்தோம். 1941இல் வந்தது, ஏவிஎம் செட்டியாருடைய படம், தமிழ்ப் படம் பேசத் தொடங்கிப் பத்து வருடம்தான் அப்போது. கதை பம்மல் சம்பந்த முதலியாருடைய நாடகம். அவர் இங்கே இலங்கைக்கும் வந்து நாடகம் போட்டவர், எங்கள் நாடகக் கலைஞர் கலையரசு சொர்ணலிங்கத்துக்கு அவர்தான் குரு. சரி, இதெல்லாம் சொன்னால் நீ கொட்டாவி விடுவாய்.

எசமானும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. வேலைக்காரனாக வரும் காளி என். ரத்தினம் வாயைத் திறந்தாலே அம்மாவுக்குச் சிரிப்பு, எனக்கு எசமானாக வரும் டி.ஆர். ராமச்சந்திரனின் அந்த முழிதான். எசமான் பெரிய வீட்டுப் பிள்ளை, சோதனையில் கோட்டை விடுகிறான். மனைவி சிவகாமி படித்தவள், அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தேற வைக்கிறாள். கட்டினவளிடம் படிக்க அவனுக்கு வெட்கமில்லை பார், எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த இடத்தில் அம்மா படத்தை நிறுத்திவிட்டு, "மருமகள் இப்போது கதைக்கிறதே இல்லை" என்றா. வேலை கூடவாக இருக்கும் என்றேன். முந்தியென்றால் உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமா, பிரஷர் குளிசை போட்டீங்களா?" என்று கேட்கும் பிள்ளை. இப்போது உனக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். அது பழைய வீட்டுச் சுவரில்லையாம், அந்த நீலத் திரைச்சீலை எங்கே என்று அம்மா கேட்கிறா. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீ வளர்ந்த பிள்ளை.

நீ கெட்டிக்காரன், ஒரு சோதனையிலும் தவறியதில்லை, காலி வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் "எனக்கு இது தெரியாது, சொல்லித் தா" என்று நீ ஒருவரிடமும் கேட்டு நான் கண்டதில்லை. ஒரு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? படத்தை இரண்டு பேருமாக இருந்து பாருங்கள். அதோடு நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

மருமகளுக்கென்று அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது.

அப்பா