பால்கோவாவுக்குப் போலி வேண்டாம்

மதுரை,
கார்த்திகை 10

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்ததால் சொட்டு மருந்து விடுவதும் ஆஸ்பத்திரிக்கு அலைவதுமாக இருந்தேன். இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறார். பேப்பரைத் தானே படிக்கிறார். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது.

மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. தேரடியிலிருந்து திருமுக்குளம் வரைக்கும் ஒரே மூச்சில் ஓடியவள் நீ. டாக்டர் எட்டுக் கிலோ குறைக்கச் சொன்னது சரிதான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும் என்று எனக்கும் சொன்னார்கள். எட்டுக் கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார். இரண்டு வருஷத்தில் நான் ஏழு கிலோ குறைத்திருக்கிறேன். இப்போது மீனாட்சியம்மன் கோயிலை நாலு ஆடி வீதியும் சுற்றி வருகிறேன், உட்காராமல்.

சோற்றைக் குறைத்துக்கொண்டாய், நடக்கிறாய். ஆனால் "இனிப்பை விட முடியவில்லை, அதற்கு மாற்றாக ஏதாவது உண்டா" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுக்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த நாக்கு இனிப்பைக் கேட்கத்தான் செய்யும்.

நானும் முதல் வருஷம் போலிகளைத் தேடித்தான் அலைந்தேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு இங்கே ஒரு கடையில் "சுகர் ஃப்ரீ" என்று போட்ட பெட்டி ஒன்று வாங்கினேன். சீனி இல்லையே என்ற தைரியத்தில் நாலு துண்டு தின்றுவிட்டேன். அப்புறம்தான் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். கோவா, முந்திரி, நெய், சீனிக்குப் பதிலாக மால்டிட்டால் என்கிற இனிப்பூட்டி. 100 கிராமுக்கு 450 கலோரிக்கு மேல் போட்டிருந்தது. எடுத்தது சீனியை மட்டும்தான். ஒரு கிராம் சீனி நாலு கலோரி என்றால் ஒரு கிராம் நெய் ஒன்பது. முந்திரி 100 கிராம் 550க்கு மேலே போகும். கனமானதையெல்லாம் வைத்துக்கொண்டு லேசானதை எடுத்திருக்கிறார்கள். மால்டிட்டாலும் கலோரி இல்லாத பொருள் இல்லை, சீனியில் பாதிக்குச் சற்று மேலே தரும். அதிகம் உள்ளே போனால் வயிற்றைக் கலக்கும். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

பேரீச்சம்பழ உருண்டை, வெல்லம் போட்ட லட்டு, தேன் விட்ட அல்வா என்று வருவதும் இதே கதைதான். உடம்புக்கு நல்லது என்று மனசார நம்பிச் செய்கிறார்கள். வெல்லமும் கருப்பட்டியும் கலோரிக் கணக்கில் சீனிக்கு ஏறக்குறைய சமம். பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். நார் இருக்கிறது, கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, அதனால் ஒன்றிரண்டு தின்னலாம். அதையே முந்திரியோடு இடித்து உருண்டை பிடித்தால் லட்டுக்குக் குறைந்த பண்டம் ஆகிவிடாது.

மாத்திரையாகவும் சொட்டாகவும் வரும் இனிப்பூட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்புப் போய்விடும், பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் பயன் இல்லை. சுக்ரலோஸ் சூட்டை ஓரளவு தாங்கும். சீனித்துளசி இலையிலிருந்து எடுப்பதை நம் நாட்டில் 2015இல் அனுமதித்தார்கள், எனக்கு அது கடைசியில் கசக்கிறது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. நீண்ட நாள் பார்த்தால் எடை குறைவதாகத் தெரியவில்லை என்பதுதான் காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அண்ணன் காப்பியில் போட்டுக்கொள்வதை நீயாக நிறுத்திவிடாதே, அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். உனக்கு அது வேண்டாம் என்பேன். நாக்கு அதே இனிப்பில் பழகிக் கிடக்கும், குறையவே குறையாது.

இனிப்பூட்டியால் முடியாத இன்னொன்றும் உண்டு. சீனி இனிப்புக்கு மட்டுமா போடுகிறோம்? பாகு அதுதான், கம்பிப் பதம் அதுதான், அல்வாவின் பளபளப்பும் மைசூர்பாகின் பொரபொரப்பும் அதுதான். பத்து நாள் கெடாமல் காப்பதும் அதுதான். ஒரு துளி இனிப்பூட்டி சுவையைத் தரும், பண்டத்துக்குக் கனத்தையும் பதத்தையும் தராது. சீனியும் நெய்யும் குறைத்துக் கோதுமை அல்வா கிளறிப் பார்த்தேன், ஒரு மணி நேரம் கை வலித்ததுதான் மிச்சம். பசை மாதிரி இருந்தது. யாரும் தொடவில்லை.

நம்ம ஊர்ப் பால்கோவாவை எடுத்துக்கொள். ஒரு லிட்டர் பாலுக்கு 125 கிராம் சீனி என்று வீட்டில் கிண்டினால் 350 கிராம் அளவுக்குத் தேறும். பாலில் 700 சொச்சம், சீனியில் 500, மொத்தம் 1200க்கு மேல். ஐம்பது கிராம் தின்றால் 175 கலோரி. இதில் எதைக் குறைப்பாய்? பாலும் சீனியும் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லையே. ஆடை எடுத்த பாலில் கிண்டினால் ரப்பராக வரும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது, அதற்குப் போலி செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. மாதம் ஒரு தடவை, ஒரு தேக்கரண்டி, அசல். மற்ற நாளுக்கு, பிறப்பிலேயே லேசான பண்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. இதுதான் நான் கண்டுகொண்டது.

முதலில் கடல்பாசி, சைனா கிராஸ் என்பார்களே, அதுதான். இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கீழக்கரைக்காரர். நோன்பு மாதம் முழுக்க இஃப்தாருக்கு அவர்கள் வீட்டில் கடல்பாசி இருக்கும். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் இறங்கி எடுத்து வரும் பாசியிலிருந்து இதே மாதிரிப் பொருள் செய்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் முங்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் இருந்து பறிக்கிற வேலை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு துண்டையும் வீணாக்க மனசு வருவதில்லை.

பாசியில் கலோரி இல்லை என்றே சொல்லலாம், நார்தான். செய்முறையைச் சரியாகப் பிடித்துக்கொள். கடையில் நூல் நூலாகக் கிடைக்கும், 10 கிராம் எடுத்து 400 மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவை. அதே தண்ணீரில் அடுப்பில் வைத்துக் கிண்டு, ஒரு இழைகூடத் தெரியாமல் கரைய வேண்டும். அவசரப்பட்டால் பல்லில் நூல் நூலாக மாட்டும். பக்கத்து அடுப்பில் 600 மில்லி டபுள் டோன்ட் பாலைச் சூடாக்கி வை. அந்தப் பாலில் கொழுப்பு 1.5 சதவீதம்தான், ஃபுல் கிரீமில் 6. சூட்டோடு சூடாகச் சேர்க்க வேண்டும், ஆறிய பாலை ஊற்றினால் பாசி கட்டி கட்டியாக உறைந்துபோகும். சீனி 40 கிராம், ஏலம், நாலு இழை குங்குமப்பூ. தட்டில் ஊற்றி வைத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும். பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு 45 கலோரி வரும். சீனி இதில் இனிப்புக்கு மட்டும்தான், உறைய வைப்பது பாசி. அதனால் குறைத்தாலும் பண்டம் கெடுவதில்லை. பாகில் நிற்கிற பண்டத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையில் இருக்க முடியாதே என்று நீ கேட்பாய். கடை ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சின பாலும் ஐஸ்கிரீமும் சர்பத்தும் சேர்ந்து கனத்துக் கிடக்கும். வீட்டில் நான் செய்வது வேறு. ஒரு தேக்கரண்டி பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறைய உப்பியிருக்கும். நன்னாரி சர்பத் வாங்காதே, அதில் பாதிக்கு மேல் சீனிதான். வேரை வாங்கித் தட்டி, நடுத்தண்டை எறிந்துவிட்டு, வெந்நீரில் போட்டு மூடி வை. கொதிக்க விடக் கூடாது, வாசம் பறந்துவிடும். அந்தத் தண்ணீரும் பிசினும் குளிர்ந்த பாலும் ஒரு தேக்கரண்டி சீனியும் போதும். இதை ஜிகர்தண்டா என்று சொல்ல மாட்டேன். நன்னாரிப் பால் என்றே எங்கள் வீட்டில் பேர்.

பாயசத்தை நீ விடவே வேண்டாம். 50 கிராம் பாசிப்பருப்பை வறுத்து வேகவை. கருப்பட்டி 40 கிராம் போதும். கருப்பட்டிக்குக் கலோரி குறைவில்லைதான், ஆனால் அதன் வாசம் ஆழமானது, பாதி போட்டாலே நிறைந்துவிடும். தேங்காய்ப் பாலில் முதல் பாலை அப்படியே குழம்புக்கு ஒதுக்கிவிட்டு இரண்டாம் பாலை மட்டும் ஊற்று. நாலு டம்ளர் வரும், டம்ளருக்கு நூறு, நூற்றிருபது கலோரி. நெய்யை முதலில் விட்டு முந்திரி வறுக்காதே. இறக்கி வைத்த பிறகு கால் தேக்கரண்டி நெய்யை மேலே விட்டு மூடு. வாசம் மேலே நிற்கும், மூக்கு அதையே முழு நெய்யாக எடுத்துக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பும் போடு, ஆச்சி போடுவாளே, ஞாபகம் இருக்கிறதா? உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். இளஞ்சூட்டில் குடி. ஜில்லென்று ஆனால் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும், இன்னும் ஒரு கரண்டி சீனி கேட்கும். ஐஸ்கிரீமில் அவ்வளவு சீனி போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சீனிக்கிழங்கு காலம். குக்கரில் நாலு விசில் விடாதே. பச்சைத் தண்ணீரில் போட்டு, தீயைச் சின்னதாக வைத்து, முக்கால் மணி நேரம் மெல்ல வேகவிடு. கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது அதிலிருக்கிற மாவே சர்க்கரையாக மாறுகிறது, சட்டென்று கொதித்தால் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிடும். கணப்பில் சுட்ட கிழங்கு ஏன் அப்படித் தித்தித்தது என்று அறுபது வயசு நெருங்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மசித்து ஏலமும் துளி தேங்காய்த் துருவலும் தூவினால் எதுவும் சேர்க்க வேண்டாம். நூறு கிராம் கிழங்கு நூறு கலோரி அளவுதான், அல்வாவில் நாலில் ஒரு பங்கு. ஆனால் அதுவும் மாவுப்பொருள், அன்றைக்கு ராத்திரி ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்.

சித்திரை வந்தால் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழமும் நுங்கும் இறங்கிவிடும். டோன்ட் பாலில் உறைந்த தயிரை ராத்திரி துணியில் கட்டித் தொங்கவிட்டு, காலையில் மாம்பழச் சதையோடு அடித்துப் பார். பேரப்பிள்ளை அதை ஐஸ்கிரீம் என்றே தின்கிறான். நுங்குக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நீ பொறுமையாக இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவுகள் முதல் வாரம் உனக்குச் சப்பென்றுதான் இருக்கும். காப்பியில் இரண்டு கரண்டியிலிருந்து அரைக் கரண்டிக்கு வர எனக்கு ஆறேழு வாரம் பிடித்தது. ஒரு நாளைக்கு மொத்தமே 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் சேர்த்த சீனி இருந்தால் நல்லது என்கிறார்கள். காப்பியிலேயே அதைத் தீர்த்துவிட்டால் கடல்பாசிக்கு இடம் எங்கே இருக்கும்? இப்போது கல்யாண வீட்டு ஜாங்கிரியைக் கடித்தால் பாதியிலேயே எனக்குத் திகட்டுகிறது. வலிந்து விடவில்லை, நாக்கே போதும் என்கிறது.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் அதிரசம் சுட்டுக் கொடுத்துவிட்டு, நீ அடுப்படியில் தனியாக நின்று, யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தின்று, அதற்காக அழுதேன் என்றாயே. அப்படி நின்று தின்னாதே, புள்ள. தட்டில் வைத்து, எல்லோரோடும் உட்கார்ந்து, ஒன்றைத் தின்னு. நீ கையால் இடித்த மாவு அது.

மார்கழி 27 கூடாரவல்லி வருகிறது. நான் ஊருக்குப் போகிறேன், தம்பி வீட்டில் தங்கல். அன்றைக்கு அக்காரவடிசிலில் ஒரு சொட்டு நெய்யைக் குறைக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். நீயும் வா. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கிண்ணம், திருமுக்குளத்துப் படியில் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். முழங்கால் வலித்தால் மேல் படியிலேயே உட்காருவோம்.

அதற்குள் நன்னாரி வேரும் இரண்டு பொட்டலம் கடல்பாசியும் பார்சலில் அனுப்புகிறேன். பாசியைக் கரைக்கும்போது சந்தேகம் வந்தால் போன் போடு, பக்கத்து வீட்டு அக்காவையே பேசச் சொல்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கம். சின்னவன் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது.

உன் அன்புத் தோழி