கந்தகப் புகைக்கு ஊர் பார்த்து விலக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலக்கரியைக் கைவிடச் சொல்லிப் பணக்கார நாடுகள் நம்மை நெருக்குவதைக் கண்டித்த தலையங்கம் படித்தேன். நியாயமான கோபம். 1882-இல் லண்டனில் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய பிரிட்டன், கடைசி நிலையமான ராட்கிளிஃபை மூடியது 2024 செப்டம்பர் 30 அன்றுதான். இன்றும் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணம். இந்தியர் ஒருவரின் பங்கு 2 டன் அளவே. 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தருவதாக வாக்குறுதி கொடுத்த ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் 2020-க்குள் வந்திருக்க வேண்டும். 2022-இல்தான் அந்தத் தொகை எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன்.

ஆனால் உலக மேடையில் நாம் கேட்கும் இந்த நீதியை உள்ளூரில் கொடுக்கிறோமா?

அனல்மின் நிலையங்கள், நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு இரண்டு ஆண்டு. பிறகு தள்ளித் தள்ளிப் போட்டு, 2025 ஜூலையில் ஏறக்குறைய 78 விழுக்காடு மின் உற்பத்தி அலகுகளுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். பத்து லட்சம் பேர் வாழும் நகரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் கந்தக நீக்கக் கருவி கட்டாயம். சிற்றூர்ப் பக்கம் என்றால் பெரும்பாலும் புகைபோக்கி உயரமாக இருந்தாலே போதும்!

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அனல்மின் நிலையத்தை ஒட்டிய அப்படியொரு சிற்றூரில். மாசியில் மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடாம் பிழிவார். மத்தியானம் காற்று திரும்பினால் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிவைக்கும் சாம்பல் குளத்துத் தூசு வந்து படியும். பொரித்துக் கடித்தால் பல்லில் நறநறக்கும். இரண்டு வருடமாகக் கடையில்தான் வாங்குகிறார். சாம்பலாவது கண்ணுக்குத் தெரிகிறது. கந்தகப் புகையோ காற்றில் நுண்துகளாக மாறி, தெரியாமலே நெஞ்சுக்குள் இறங்குகிறது, நெடுந்தொலைவும் போகிறது.

வளரும் நாட்டுக்கு இந்தச் செலவு தாங்காது என்கிறார்கள். சீனாவும் வளரும் நாடாகத்தான் 2010-க்குள் தன் நிலக்கரி நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு இக்கருவியைப் பொருத்தியது.

இந்த விலக்கைத் திரும்பப் பெறச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். புகைபோக்கிகளில் உள்ள அளவுக் கருவிகள் காட்டும் எண்களை, அந்தந்த ஊராட்சி அலுவலக வாசலில் தினமும் தமிழில் எழுதிப் போடவும் கேளுங்கள்.

வாசகி,
கும்பகோணம்.